பள்ளத்தின் ஓரத்தில் வந்து நில்லுங்கள்: உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் அதைச் சுற்றியும் உள்ள மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டின் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கிறது. விரல் நீளம்தான் இருக்கும். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் சிமென்ட் அப்பி, பக்கத்தில் பென்சிலால் தேதியும் எழுதி வைத்தவர் எதிர்வீட்டு அண்ணன். நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். "சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சிடும். அப்புறம் இது பழைய விரிசல்னு யாரும் உங்ககிட்ட வாதம் பண்ண முடியாது" என்றார்.

போன வருஷம் பக்கத்து மனையில் இருந்த பழைய வீட்டை இடித்தார்கள். அடுக்குமாடி வருகிறது, தரைக்கு அடியில் கார் நிறுத்த இரண்டு தளம் என்றார்கள். சரி, ஊர் வளர்கிறது, யாரும் தடுக்கவில்லை. பொக்லைன் வந்தது. பத்தே நாளில் இருபது அடி ஆழம். எங்கள் அஸ்திவாரத்துக்கும் அந்தப் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே ஆறடி இருந்திருக்கும். ஓரத்தைச் சரிவாக வெட்டவில்லை, முட்டுக் கொடுக்கவில்லை, சுவர்போல் செங்குத்தாக விட்டிருந்தார்கள். தோண்டிய மண்ணையும் எங்கள் பக்க விளிம்பிலேயே ஆளுயரத்துக்குக் குவித்திருந்தார்கள்.

அடியில் ஊற்று வந்ததும் மோட்டார் போட்டார்கள். இரவும் பகலும் ஓடியது. முதல் இரண்டு நாள் தெருவில் வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. மூன்றாம் நாள் பழுப்பாகிவிட்டது. ஒரு வாளியில் பிடித்து வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடை மணல் தங்கியது. அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு அண்ணன் எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது உங்க வீட்டுக்கு அடியில இருந்து வர்ற மண்ணு தம்பி" என்றார். கண்ணாடி ஒட்டியது அன்று மாலைதான்.

ஐப்பசி மழையின் இரண்டாவது இரவில் கண்ணாடி உடைந்தது. விடிவதற்குள் எங்கள் சுற்றுச்சுவரில் பதினைந்து அடி, முருங்கை மரத்தோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போயிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கீழே தகரக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்களை முந்தைய நாள்தான் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அலைந்தேன். ஓர் அலுவலகத்தில், வரைபடத்துக்கு அனுமதி இருக்கிறது, கட்டடம் மேலே வரட்டும், விதிமீறல் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். இன்னோர் இடத்தில், மண் லாரிக்குச் சீட்டு இருக்கிறதா என்பது மட்டும்தான் எங்கள் வேலை என்றார்கள். காவல் நிலையத்தில், இது இரண்டு மனைக்காரர்களுக்குள் இருக்கும் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பள்ளம் எந்த மேசைக்கும் உரியதாக இல்லை, அவ்வளவுதான்.

இந்த மடலில் நான் சொல்ல வருவதும் அதுதான். எழும்பும் கட்டடத்துக்கு உயரக் கணக்கு, பக்க இடைவெளிக் கணக்கு, தளப்பரப்புக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயரமான கட்டடம் என்று கோடு கிழிக்கின்றன. தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி இயக்ககம் உண்டு. மண் வெளியே போனால் கனிமவளத் துறை கேட்கும். தோண்டி விட்ட ஓரம் நிற்கிறதா, அதை ஒட்டியிருக்கும் வீடு நிற்கிறதா, வேலை முடிந்ததும் மண்ணைத் திரும்ப ஒழுங்காக நிரப்பினார்களா என்பதைக் கேட்கத்தான் தெருவுக்குத் தெரிந்த ஓர் ஆள் இல்லை. அந்த ஆள் உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். தெருவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருப்பது நீங்கள்தான்.

2023 டிசம்பர் 4ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய சுமார் ஐம்பது அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்து, அருகில் இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. இரண்டு பேர் இறந்தார்கள். தண்ணீரை இறைத்து உடல்களை மீட்கவே நான்கு நாளானது. அந்த நான்கு நாளும் வேலிக்கு வெளியே நின்ற குடும்பங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2014இல் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்த பிறகு, சென்னையில் வீடு வாங்குகிறவர்கள் கட்டடத்தின் உறுதியைப் பற்றிக் கேள்வி கேட்கப் பழகினார்கள். வேளச்சேரிக்குப் பிறகு பள்ளத்தைப் பற்றி அப்படி ஒரு கேள்வி நம்மிடையே இன்னும் பழக்கமாகவில்லை.

மண் ஏன் சரிகிறது என்பது பெரிய ரகசியம் இல்லை. மெரினாவில் பிள்ளைகள் ஈரமணலில் கிணறு தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் சுவர்போல் அழகாக நிற்கும். ஒரே ஒரு அலை வந்து தொட்டதும் கரைந்து உட்கார்ந்துவிடும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் ஈரம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுக்க நீர் நிறைந்துவிட்டால் அதே நீர் துகள்களை விலக்கித் தள்ளுகிறது, மண்ணின் எடையும் கூடுகிறது. சித்திரையில் தோண்டிய பள்ளம் ஆடி வரை அசையாமல் நிற்பதைப் பார்த்து மேஸ்திரி தைரியமாக இருப்பார். இங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான் கொட்டுகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதியை ஒட்டிய ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அப்படி ஒரு நாளைத் தாங்குமா என்று பார்த்துத்தான் ஓரத்தை வெட்ட வேண்டும்.

இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. சுரங்கங்களுக்கான 1961ஆம் ஆண்டு ஒழுங்குமுறையை எடுத்துப் பாருங்கள். களிமண், சரளை மாதிரியான இளகிய மண்ணில் ஓரத்தை 45 பாகைக்கு மிகாமல் சரிக்க வேண்டும், இல்லையென்றால் 1.5 மீட்டருக்கு மேற்படாத படிகளாக வெட்ட வேண்டும், படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது என்று அறுபது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நெருக்கமான தெருவில் அப்படிச் சரிக்க இடம் இருக்காதுதான். அப்படியானால் தோண்டுவதற்கு முன்பே சுற்றிலும் பைல் என்கிற கான்கிரீட் தூண்களை இறக்கியோ, இரும்புத் தகடு அடித்தோ முட்டுக் கொடுக்க வேண்டும். செலவாகும் என்பார்கள். அந்தச் செலவை அவர்கள் செய்யாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார். எங்கள் சுற்றுச்சுவரைத் திரும்பக் கட்டியது எங்கள் பணத்தில்தான்.

தோண்டுவதைப் பற்றியே இவ்வளவு சொல்லிவிட்டேன். நிரப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாருமே பார்ப்பதில்லை. அடித்தளச் சுவர் எழும்பியதும், சுவருக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவே இருக்கும் சந்தில் ரப்பிஷைக் கொட்டி மேலே ஒரு லோடு மண் போட்டு மூடிவிடுகிறார்கள். உடைந்த செங்கல், டைல்ஸ், சிமென்ட் சாக்கு எல்லாம் உள்ளே இருக்கும். அடுத்த மழையில் அது உள்வாங்கும். ஓரடிக்கு மிகாமல் மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு போட வேண்டும் என்று எங்கள் அண்ணனுக்குத் தெரியும். எந்தப் பழைய கொத்தனாருக்கும் தெரியும். மெனக்கெட்டுச் செய்ய வைக்க ஓர் ஆள்தான் வேண்டும்.

நகரத்தின் தென்மேற்கு விளிம்புக்குப் போனால் திரும்ப நிரப்பாத பள்ளம் என்றால் என்ன என்று தெரியும். திரிசூலம், பல்லாவரம், பம்மல் பக்கம் கல் எடுத்துவிட்டு விட்டுப்போன கல்குட்டைகள் இருக்கின்றன. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் நேராக இறங்கும் கருங்கல் சுவர், கரையே கிடையாது. நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் ஏறி வர ஒரு படி இருக்காது. விடுமுறை நாளில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பவில்லை என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம். அந்தக் கல்லுக்குப் பெரிய வரலாறு உண்டு. சார்னோகைட் என்று உலகமே அதை அழைப்பது கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த நம் ஊர்க் கல்லை வைத்துத்தான். 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்ததும் சரளைக்காகத் தோண்டிப் போட்ட மண்ணில்தான். தோண்டுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. தோண்டிய இடத்தைக் கரை கட்டி விட்டுப்போகும் வழக்கம்தான் நின்றுபோனது.

அதைச் சரிசெய்தால் பலன் உண்டு என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2017 கோடையில் ஏரிகள் வறண்டபோது மாங்காடு பக்கத்துச் சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்து, சுத்திகரித்து, சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அந்தக் குட்டைகளின் ஓரத்தைப் படிகளாகச் செதுக்கி, தளர்ந்த பாறையை இறக்கி, மேல்விளிம்பில் வேலியும் பனையும் வெட்டிவேரும் வைத்தால் அவை ஊருக்குச் சொத்து. எங்கள் தாத்தா காலத்து ஏரிக்கரைகளை நிறுத்தி வைத்தது பனை வேரும் அருகம்புல்லும்தானே.

இதெல்லாம் உள்ளாட்சியின் வேலையா என்று சிலர் கேட்கலாம். இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய உத்திரமேரூரில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஏரி வாரியத்தையும் சொல்கிறது. ஏரியையும் கரையையும் யார் பார்ப்பது என்று ஊர்ச்சபை ஆள் நியமித்திருக்கிறது. நான் கேட்பதும் அதைத்தான்.

ஒரு மாடி ஆழத்துக்கு மேல் தோண்டும் ஒவ்வொரு மனையிலும், பொறுப்பு அதிகாரியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் வாசலில் எழுத வையுங்கள். தோண்டுவதற்கு முன் சுற்றியுள்ள வீடுகளைப் படம் எடுத்து, ஒரு பிரதியை அந்த வீட்டாரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அது இருந்திருந்தால் என்னுடைய ஒரு மாத அலைச்சல் மிச்சம். ஓரத்தைப் பாதுகாக்கவும் திரும்ப நிரப்பவும் ஒரு வைப்புத்தொகை வாங்கி, நிரப்பியதை நேரில் பார்த்த பிறகே திருப்பிக் கொடுங்கள். செப்டம்பர் முடிவதற்குள் வார்டில் எத்தனை பள்ளம் திறந்து கிடக்கிறது, எதற்கு முட்டு இல்லை என்று ஒரு பட்டியல் எடுங்கள். நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சிகள் தினத்தன்று, பகுதி மக்கள் கூடும் ஏரியா சபையைக் கூட்டி அதை வாசியுங்கள். மழைநீர் வடிகாலுக்கு நீங்களே தோண்டிய பள்ளங்களும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். ஒரு ரிப்பன் கட்டிவிட்டுப் போனால் இருட்டில் அது யாருக்கும் தெரிவதில்லை.

ஆள் பற்றாக்குறை என்று சொல்வீர்கள். உண்மைதான், ஓர் உதவிப் பொறியாளர் எத்தனை வேலை சுமக்கிறார் என்று நேரில் பார்த்துவிட்டேன். நீலகிரியில் ஒரு ஜேசிபி மண்ணைத் தொடுவதற்கே மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், அங்கேயும் இதே அரசு ஊழியர்கள்தான் இருக்கிறார்கள். மலையில் மண் சரியும் என்று நாம் ஒப்புக்கொண்டோம், விதி வந்தது. சமதரையிலும் சரியும் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். இருபது அடி பள்ளத்துக்கு மேல் நிற்கும் வீடு மலை விளிம்பில் நிற்கும் வீடுதான்.

எங்கள் தெருவுக்கு வருவதென்றால் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். கேட்டைத் திறந்ததும் இடது பக்கச் சுவரைப் பாருங்கள். பழைய கண்ணாடி உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று ஒட்டியிருக்கிறோம். தேதி பக்கத்திலேயே இருக்கிறது. இன்று காலை பார்த்தபோது முழுசாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
பள்ளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன்,
சென்னை