திரையைக் கட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள்

தஞ்சாவூர் வீணை ஆசாரிமார்களுக்கு வணக்கம்.

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடைசல் பிடிக்கிறவன் எழுதுகிறேன். எனக்கு வீணை வாசிக்கத் தெரியாது. மகள் வாசிக்கிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பித்தளையின் சத்தம். விளக்கின் தண்டைச் சுண்டினால் வார்ப்பில் எங்கே பொள்ளல் என்று சொல்லிவிடுவேன்.

மூன்று கோடைக்கு முன் மகளின் வீணையில் முதல் தந்தியான சாரணி மட்டும் இரைய ஆரம்பித்தது. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் பித்தளைத் தகட்டைப் பிசினில்தானே பதிக்கிறீர்கள்? வெயிலில் அது இளகி, தகடு மயிரிழை சாய்ந்திருந்தது. தஞ்சாவூருக்குத் தூக்கி வந்தோம். உங்களில் ஒரு பெரியவர் தகட்டுக்குச் சூடு காட்டி, அழுத்தி, மீட்டிப் பார்த்து, திரும்பவும் சூடு காட்டி, ஒரு மணி நேரத்தில் நாதத்தைக் கொண்டுவந்தார். கும்பிடத் தோன்றியது. ஆவணியில் மறுபடி அதே இரைச்சல்.

அந்தச் சாய்வு அவ்வளவு முக்கியமா என்று தேடியபோதுதான், நம் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-லேயே இதை ஆராய்ந்து எழுதியது தெரிந்தது. அடிநாதத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்தான் மேல்சுரங்கள். தந்தியில் நாம் மீட்டும் இடம் எந்த மேல்சுரத்துக்கு அசையாப் புள்ளியோ, அந்த மேல்சுரம் எழக்கூடாது என்பது விதி. வீணையிலும் தம்புராவிலும் அது எழுகிறது. குதிரையின் முதுகு அகலமாய் லேசாக வளைந்திருப்பதால், அதிரும் தந்தி அதைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. நீங்கள் அரத்தால் பிடிப்பது அந்தத் தொடுகையைத்தான்.

நான் செய்தது சின்ன வேலை. முதலில் தகட்டுக்கு அடியில் இரண்டு திருகாணி வைத்தேன். சாய்வு நின்றது, நாதம் செத்தது. தகடு இரண்டு முனையில் மட்டும் உட்கார்ந்தால் அதிர்வு எப்படி மரத்துக்குப் போகும்? அவமானமாக இருந்தது, பித்தளைக்காரனுக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டாமா! இப்போது இருப்பது முழு நீளத்துக்கும் படியும் பித்தளை ஆப்பு. பக்கவாட்டில் ஒரே திருகாணி அதை நகர்த்தும். சூடு வேண்டாம், பிசின் வேண்டாம். தகட்டின் முதுகை அரம் போடுவது உங்கள் கைதான். அந்தக் கை பிடித்த சாய்வை ஆப்பு நழுவவிடாது, அவ்வளவே.

ஒரு பட்டறையில் காட்டினேன். "புவிசார் குறியீடு வாங்கிய வீணையில் திருகாணியா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 2013-இல் கிடைத்த குறியீடு அது. தந்தியை விரலால் அழுத்தும் 24 மெட்டுகளை மெழுகில் நிலையாகப் பதித்த வீணையே, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துப் புதுமை என்கிறார்கள். கச்சேரியில் வீணைக்கு மைக் ஒட்டுகிறோம், அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

என்னை நம்பச் சொல்லவில்லை. ஒரே பலாமரத்தில், ஒரே கை கடைந்த இரண்டு வீணை கொடுங்கள். ஒன்றில் என் ஆப்பு, மற்றதில் உங்கள் பிசின். வேட்டியைத் திரையாகக் கட்டி வாசிக்கச் சொல்வோம். இந்தப் பக்கம் நீங்கள் உட்காருங்கள், வித்வான்களையும் கூப்பிடுங்கள். தையில் ஒருமுறை, சித்திரை வெயிலில் ஒருமுறை. என் வீணை மட்டமென்றால் ஆப்பை உருக்கி விளக்குக்குப் போட்டுவிடுகிறேன். நன்றாக இருந்தால் அளவுகளைத் தருகிறேன். நீங்களே செய்துகொள்ளலாம், எனக்குக் காசு வேண்டாம்.

பொங்கல் கழிந்த எந்த நாளும் எனக்குச் சரி. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பட்டறையில் வார்ப்பு.

இப்படிக்கு,
நாச்சியார்கோவில் கடைசல்காரன்