சாய்ந்த மரத்துக்குக் கணக்கு, எரியும் நெருப்புக்கு அனுமதிச் சீட்டு: வடசென்னையிலிருந்து ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடி பகுதிக் குடியிருப்போர் சார்பாக
மரவேலைத் தொழிலாளி ஒருவர்,
கொடுங்கையூர், சென்னை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை,
சென்னை – 600 009.

பொருள்: பொது இடங்களில் சாயும், வெட்டப்படும் மரங்களைப் பகிரங்க ஏலத்தில் விற்கவும், திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்து, விலக்கு தேவைப்படும் இடங்களில் எழுத்துப்பூர்வ அனுமதியைக் கட்டாயமாக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். மரம் விற்பதும் தெருவில் குப்பை எரிப்பதும் வேறு வேறு சங்கதி போலத் தெரியும். எங்கள் தெருக்களில் இரண்டும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. காற்றில் ஒரு மரம் சாய்கிறது, அல்லது மழைநீர் வடிகால் தோண்டுவதற்காக வெட்டப்படுகிறது. அடிமரம் இரவோடு இரவாக லாரி ஏறிவிடுகிறது. கிளையும் தழையும் தெருமுனையில் குவிந்து கிடக்கின்றன. ரெண்டு மூன்று வாரம் காய்ந்த பிறகு, அதன் மேல் வீட்டுக் குப்பையும் சேர்ந்துகொண்டு, ஒருநாள் ராத்திரி யாரோ கொளுத்திவிடுகிறார்கள். அடிமரம் எங்கே போனது என்று கேட்டால் "அது ஏலம் போயிடுச்சு" என்று பதில் வருகிறது. ஏன் கொளுத்துகிறீர்கள் என்று கேட்டால் "பர்மிஷன் இருக்கு" என்கிறார்கள். ஏலம் நடந்ததற்கும் சீட்டு காட்டுவதில்லை, எரிக்க அனுமதி கொடுத்ததற்கும் சீட்டு காட்டுவதில்லை. அந்த இரண்டு சீட்டுகளையும் கட்டாயமாக்க வேண்டும் என்பதுதான் இந்த மனு. வனமும் சுற்றுச்சூழலும் ஒரே துறையாகத் தங்களிடம் இருப்பதால் தங்களுக்கே எழுதுகிறோம்.

நான் மரவேலை செய்பவன். வால்டாக்ஸ் சாலை மரவாடிகளில் கட்டை பார்த்து வாங்கிப் பழகியவன். அதனால் மரத்தின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பருவமழையில் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றின் மதிலை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு விழுந்தது. பாதையை அடைத்துக்கொண்டு கிடந்ததை ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள் மெஷின் வாளோடு வந்து துண்டு போட்டார்கள். வேலை நல்ல வேலை, சீக்கிரம் முடித்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடித்துண்டை டேப் வைத்து அளந்தேன். சுற்றளவு 6 அடி, நீளம் 10 அடி. மரவாடியில் போடும் கணக்கு எளிது: சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் இரண்டேகால், அதைப் பத்தால் பெருக்கினால் 22.5 கன அடி. இது ஒரே ஒரு துண்டு. மேலே இன்னும் மூன்று துண்டுகள் அறுப்புக்குத் தகுதியாக இருந்தன. பலகையாக அறுத்தால் அந்தப் பள்ளிக்கே பெஞ்சு செய்து போட்டிருக்கலாம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது மரத்தூளும் லாரிச் சக்கரத் தடமும் மட்டும் கிடந்தன. துண்டுகளில் எண் போட்டதை யாரும் பார்க்கவில்லை, நீள அகலம் குறித்ததையும் பார்க்கவில்லை. யார் எடுத்தார், என்ன விலைக்கு எடுத்தார், அந்தப் பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

யாரையும் திருடர் என்று சொல்ல நான் வரவில்லை. முறையாகக்கூடப் போயிருக்கலாம். ஆனால் முறையாகப் போனதைப் பொதுமக்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லாதபோது, நேர்மையாக எடுத்தவருக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

நெடுஞ்சாலையோரப் புளியமரத்து மகசூலைக்கூட ஏலம் விட்டுப் பழகிய நாடு இது. ஏரிக்கரைக் கருவேல மரத்துக்குத் தண்டோரா போட்டு ஊர் கூட்டி ஏலம் விட்டதைக் கிராமத்திலிருந்து வந்த எங்கள் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். தங்கள் துறையே சத்தியமங்கலம், சேலம், திருப்பத்தூர் கிடங்குகளில் சந்தன மரத்தைத் தரம் பிரித்து, எடை போட்டு, லாட் லாட்டாகப் பட்டியல் வெளியிட்டு ஏலம் விடுகிறது. வாங்க வருகிறவர் முன்கூட்டியே சரக்கைப் பார்க்கலாம். சந்தனத்தின் மதிப்பு வேறு, தூங்குமூஞ்சியின் மதிப்பு வேறு என்பது சரிதான். ஆனால் தெருவில் சாயும் மரம் எல்லாம் விறகு இல்லை. வேம்பு நிலைக்கதவுக்கு ஆகும், கரையான் எளிதில் அண்டாது. வாகையும் பூவரசும் நல்ல சாமான் மரங்கள். சில மரங்கள் அடுப்புக்குத்தான் ஆகும், ஆனால் அடுப்புக்கும் ஒரு விலை உண்டு. வளைந்த கிளைகளைக்கூட ஒதுக்க முடியாது, மரப்படகு கட்டுகிறவர்கள் வங்குக்காலுக்கு, அதாவது படகின் உள்ளே விலா எலும்பு போல நிற்கும் சட்டத்துக்கு, அப்படிப்பட்ட வளைவைத்தான் தேடுவார்கள்.

அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதை வரவேற்கிறோம். வெட்டலாமா வேண்டாமா என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடுகிறது. வெட்டிய பிறகு அந்த மரத்துக்கு என்ன ஆனது என்பதற்கும் அதே அளவு அக்கறை வேண்டும்.

இனி நெருப்பு.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. எங்கள் பக்கத்தில் மரம் விழாத தெருவே இல்லை என்று சொல்லலாம். சரியாகப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 22 அன்று, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாகக் குவித்து எரித்தால் 25,000 ரூபாய் என்று தொகையும் விதித்தது. அதே ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் தெருவிலோ பொது இடத்திலோ கழிவை எரிக்கக் கூடாது, தோட்டக் கழிவைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. அப்படி இருக்கும்போது தெருமுனையில் தழையைக் கொளுத்த "பர்மிஷன்" எங்கிருந்து வருகிறது? கொடுக்க யாருக்கு அதிகாரம்? இதற்கு ஒரு வரியில் தங்கள் துறை பதில் சொன்னாலே எங்கள் பாதிப் பிரச்சினை தீரும்.

எரிவது வெறும் தழை இல்லை என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். பச்சையும் காய்ந்ததுமாகக் கலந்த வேப்பங்கிளைக்கு அடியில் பால் கவர், தெர்மாகோல், பழைய செருப்பு, சில சமயம் செம்புக்காக உரிக்க வேண்டிய ஒயர்ச் சுருளும் கிடக்கும். ஒயரின் மேல் உறை பி.வி.சி. அது எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் வரும். தழை ஈரமாக இருப்பதால் நெருப்பு பிடித்து எரியாது, விடியவிடியப் புகைந்துகொண்டே இருக்கும். காலையில் கொடியில் காயும் பள்ளிச் சீருடையில் கரித்துகள் ஒட்டியிருக்கும். தட்டினால் போகாது, தடவினால் கறுப்பாக இழுவிக்கொள்ளும். இன்ஹேலர் வைத்திருக்கும் வயதானவர்கள் ஜன்னலை மூடிக்கொண்டு மின்விசிறியோடு கிடக்கிறார்கள். ஒருபுறம் கொடுங்கையூர் குப்பைமேடு, இன்னொரு புறம் மணலி ஆலைகள், வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையங்கள் என்று ஏற்கெனவே சுமக்கிற காற்று எங்களுடையது. அவற்றைச் சரிசெய்யக் காலமும் கோடிகளும் வேண்டும் என்பது புரிகிறது. தெருமுனைத் தழையை எரிக்காமல் இருக்க ஒரு கோடியும் வேண்டாம்.

போகியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 ஜனவரி 13, போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் திருப்பி விடப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். அன்றைக்கு விமானம் பறக்காதது செய்தியானது. ஆண்டு முழுவதும் எங்கள் தெருக்களில் சிறிது சிறிதாக நடப்பது செய்தியாவதில்லை.

அதே நேரம் எல்லா நெருப்பையும் ஒரே உத்தரவில் அணைக்கச் சொல்லவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் விறகடுப்பில் கூழ் காய்ச்சுகிறோம், தீமிதி நடக்கிறது, கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிறோம். விறகில் இட்லி அவித்து விற்கும் அக்காமார்கள் இருக்கிறார்கள். சமைப்பதற்கு எரிப்பது எரிபொருள், அதில் கை வைக்கக் கூடாது. காற்று மாசு தடுப்புச் சட்டம், 1981-இன் 19-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவும் எரிபொருள் அல்லாத பொருளை எரிப்பதைத்தான் பேசுகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கலந்து, ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டுத் தடை செய்யும் அதிகாரத்தை அது மாநில அரசுக்குக் கொடுக்கிறது. அந்த அதிகாரத்தைத் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் பகுதிகளுக்குப் பயன்படுத்துங்கள் என்று கேட்கிறோம். தழை, சருகு, டயர், ஒயர், பிளாஸ்டிக், மரக்கழிவு எல்லாம் அதில் பெயரோடு வர வேண்டும்.

தீமிதிக்கும் சொக்கப்பனைக்கும் ஒரு பக்க அனுமதிச் சீட்டு போதும். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, காய்ந்த கட்டை மட்டும், பொறுப்பாளர் யார், பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா. கட்டணம் வேண்டாம், அலையவிடவும் வேண்டாம். விழாக் குழுவினர் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொள்வார்கள், ஏற்கெனவே மைக் செட்டுக்கும் ஊர்வலத்துக்கும் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கிப் பழக்கம்தான்.

இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால் ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இயற்கை வளத்துறை என்ற ஒரே துறை, மாநில நிலத்து மரங்களைப் பகிரங்க ஏலத்தில் விற்கிறது, தன் பாதுகாப்பில் உள்ள காட்டு நிலங்களில் திறந்தவெளியில் எரிக்க அனுமதியும் கொடுக்கிறது. குப்பையை எரிக்க அந்த மாநிலத்தில் எங்குமே அனுமதி கிடையாது. ஊர் விரிந்து வளரும் பகுதிகளில் தோட்டத் தழையைக்கூட எரிக்கக் கூடாது. மர ஏலத்து வருமானத்தில் ஒரு பகுதி பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது. அவர்களுடையது பெருங்காடு, நம்முடையது தெருவோர மரம். அளவு வேறானாலும் சீட்டு ஒன்றுதான்.

விற்பனைக்கு நாங்கள் கேட்கும் முறை இது. மரம் விழுந்த அல்லது வெட்டிய அன்றே ஒவ்வொரு துண்டுக்கும் சாக்பீஸோ பெயிண்டோ வைத்து எண் போட வேண்டும். மரத்தின் பெயர், சுற்றளவு, நீளம், இடம் குறித்து ஒரு புகைப்படத்தோடு அன்றைக்கே பொதுவில் ஏற்ற வேண்டும். பகுதிக்கு ஒரு கூரை போட்ட கிடங்கு வேண்டும், ஏனென்றால் புதுக்கட்டை வெயிலில் கிடந்தால் முனை வெடித்துப் பாதி விலைக்குத்தான் போகும். மாதம் ஒருமுறை ஏலம் போதும். புயல் மாதங்களில் மட்டும் வாரம் ஒருமுறை. லாட் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நூறு கட்டையை ஒரே லாட்டாகப் போட்டால் பெரிய மில்காரர் ஒருவர்தான் கேட்பார். ஐந்து, பத்து என்று பிரித்தால் என்னைப் போன்ற தச்சரும், படகு கட்டுகிறவரும், விறகுக் கடைக்காரரும் வந்து கேட்பார்கள், அரசுக்கும் விலை கூடும். கிடைக்கும் தொகை மரம் நின்ற அதே பகுதியில் கன்று நடவும், கூண்டு வைக்கவும், தழை அரைக்கும் இயந்திரம் வாங்கவும் போகட்டும். அரைத்த தழை எருவாகும். கொளுத்தக் குவியலே இருக்காது.

அனுமதி கொடுத்த விவரத்தையும் மூடி வைக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆம் பிரிவு, பெர்மிட்டும் அங்கீகாரமும் பெற்றவர்களின் விவரத்தை யாரும் மனுப் போட்டுக் கேட்பதற்கு முன்பே வெளியிடச் சொல்கிறது. எரிக்கும் அனுமதியும் மர விற்பனையும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவைதான். வார்டு அலுவலகப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் போதும். ராத்திரி பத்து மணிக்கு நெருப்பைப் பார்க்கிறவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்வார்.

இன்னொன்று. அபராதம் கடைசியில் நெருப்பு வைத்த துப்புரவுப் பணியாளரின் தலையில் விழக் கூடாது. அள்ள வண்டி வராததால், மேலே கேட்டால் "முடிச்சுடு" என்று சொல்வதால்தான் அவர்கள் தீக்குச்சியை எடுக்கிறார்கள். புகையை முதலில் விழுங்குவதும் அவர்கள்தான். குவியலை அப்புறப்படுத்த ஒப்பந்தம் எடுத்தவர் மீதுதான் தொகை விதிக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மரக் கிடங்கும் ஏல முறையும், போகிக்குள் அரசிதழ் அறிவிக்கையும் வரும்படி உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவின் மீது எடுக்கும் முடிவு எதுவானாலும், முடியாது என்பதாக இருந்தாலும், காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். அளவெடுக்கவும் கட்டை அடையாளம் காணவும் ஆள் தேவைப்பட்டால் எங்கள் பகுதித் தச்சர்கள் கூலி வாங்காமல் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, வியாசர்பாடி பகுதிக் குடியிருப்போர்
(கையெழுத்துகள் தனித்தாளில்)

நகல்:
ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை.
தலைவர், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கிண்டி.