பழைய ராட்செட்டைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை நெருங்கி வருகிறது. சென்னையின் ஒவ்வொரு பட்டறையிலும் கருவிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, வரிசையாகப் பரப்பி, சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரிகடலை படைக்கப் போகிறோம். பெட்டியைக் காலி செய்யும் அந்த நாட்களில்தான், ‘இனி ஓடாது’ என்று ஒதுக்கப்படும் பழைய கருவிகள் சாக்கு மூட்டையில் கட்டப்பட்டு எடைக்குப் போகின்றன. அந்த மூட்டைகளில், ஒரு பக்கம் திருப்பினால் மட்டும் நட்டைத் திருகி, மறுபக்கம் திருப்பினால் கடகடவென்று சும்மா ஓடும் ராட்செட் ஸ்பானர்கள் கிடப்பதை நாற்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். என் கைக்கு வந்து நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, உள்ளே கிரீஸ் இறுகிப்போனதைத் தவிர வேறு குறையே இல்லை. எடைக்குப் போடுவதற்கு முன் ஒரே ஒரு முறை அவற்றைத் திறந்து பாருங்கள் என்று பட்டறைத் தோழர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதை நான் காயப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 1983இல் பாடியில் ஒரு லாரிப் பட்டறையில் உதவியாளராக இருந்தபோது, கியர்பாக்ஸ் போல்ட் ஒன்றைத் தளர்த்துகையில் கையிலிருந்த அரை இஞ்ச் ராட்செட் திடீரென்று வழுக்கியது; வலது கை விரல் முட்டிகள் லாரியின் அடிச்சட்டமான சேஸிஸில் மோதிப் பிளந்தன. கை ஆறியதும், அந்த ராட்செட்டை எடைக்குப் போட்டுவிடலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, பின்புற மூடித் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றி என்னிடம் காட்டினார். பல்சக்கரத்தின் பற்கள் புதிதுபோல் கூர்மையாக இருந்தன. பற்களுக்குள் இறங்கிப் பிடிக்க வேண்டிய சிறு எஃகுத் துண்டை எங்கள் பட்டறையில் நாக்கு என்போம். கறுத்து மெழுகுபோல் இறுகியிருந்த கிரீஸ் அந்த நாக்கை முழுதாக இறங்க விடாமல் தூக்கிப் பிடித்திருந்தது. நுனி மட்டுமே பல்லில் பட்டிருந்ததால், நான் பலம் கொடுத்ததும் அது பல்லைத் தாண்டிவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவி இரண்டு சொட்டு ஆயில் விட்டு மூடப்பட்ட அந்த ராட்செட், நான் ஓய்வு பெறும்வரை என்னுடன் உழைத்தது. இன்றும் என் பெட்டியில் இருக்கிறது.

பழைய ராட்செட்டுகளைக் காப்பாற்றுவதில் ஏன் இத்தனை அக்கறை என்று சிலர் கேட்கலாம். நட்டின் மேல் கவிழ்ந்து பிடிக்கும் சாக்கெட்டை மாட்டும் சதுர முனையின் அளவு பல பத்தாண்டுகளாக மாறவில்லை என்பதே என் முதல் பதில். கால் இஞ்ச், எட்டில் மூன்று (3/8) இஞ்ச், அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் என்ற அந்த அளவுகளே இன்றும் உலகெங்கும் புழங்குகின்றன. சென்னையில் எண்ணூர் லேலண்டும் திருவொற்றியூர் என்ஃபீல்டும் ஆங்கிலேய வடிவமைப்பில் வண்டிகளைக் கட்டிய காலத்தில் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவில் சாக்கெட்டுகள் தேவைப்பட்டன, பிறகு நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலத்தை இஞ்சில் சொல்லும் ஏ.எஃப். அளவு வந்தது, இப்போது எல்லாம் மில்லிமீட்டர். சாக்கெட்டுகள்தாம் மாறின. அன்றைய அரை இஞ்ச் ராட்செட்டில் இன்று கடையில் வாங்கும் 17 மில்லிமீட்டர் சாக்கெட் சிக்கென்று பொருந்தும். இரண்டாவது காரணம், அவை திறந்து மூடுவதற்கென்றே செய்யப்பட்டவை. பற்கள் பெரியவை, உள்ளே உறுப்புகள் குறைவு, திருகும், சர்க்கிளிப் என்ற பூட்டு வளையமும் வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். 24 பற்கள் உள்ள பழைய ராட்செட் ஒரு பல் நகர 15 பாகை சுற்ற வேண்டும். 72 பற்கள் உள்ள புதியதற்கு 5 பாகை போதும். இடுக்கான இடத்தில் புதியதே வசதி என்பதை மறுக்கவில்லை. ஆனால் தூசியையும் சேற்றையும் பொறுத்துக்கொள்ளும் குணம் பெரிய பல்லுக்கே அதிகம்.

திறப்பதற்கு முன், அது எப்படி மூடப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலவற்றில் மூடித் தகடு இரண்டு முதல் நான்கு திருகுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பல்சக்கரத்தைச் சுற்றி ஒரு சர்க்கிளிப் இருக்கும். தானாகக் கழலாமலிருக்கச் சில திருகுகளின் ஓரத்தில் ‘பஞ்ச்’ என்ற கூர்முனை உளியால் தட்டி விளிம்பை மடித்திருப்பார்கள். அந்த மடிப்பை முதலில் நீக்காமல் திருகினால் தலை சிதைந்துவிடும். திருகின் வெட்டு முழுவதையும் நிரப்பும் அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவரையே பயன்படுத்த வேண்டும். துருப்பிடித்த திருகுக்குத் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுத்திருந்து, காலையில் ஸ்க்ரூ டிரைவரை வெட்டில் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டிவிட்டுத் திருகினால் பெரும்பாலும் அசைந்துவிடும். அவசரப்பட்டு கேஸ் நெருப்பைக் காட்டுவது பெரிய தவறு. பல்சக்கரமும் நாக்கும் பக்குவமாகச் சூடேற்றிக் கடினமாக்கப்பட்ட எஃகு. நெருப்புப் பட்டால் அந்தக் கடினம் போய்விடும், பிறகு எத்தனை கழுவினாலும் அந்த ராட்செட் நம்பத்தக்கதல்ல.

மூடித் தகட்டைத் தூக்கும் நொடியில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள். உள்ளே சிறு ஸ்பிரிங்கும் அதன் முனையில் ஒரு சிறு எஃகுக் குண்டும் அழுத்தத்தில் காத்திருக்கும். தகடு விலகியதும் அவை துள்ளி, பட்டறைத் தரையில் எங்கோ மறைந்துவிடும். கண்ணாடிபோன்ற பெரிய பாலிதீன் பைக்குள் இரு கைகளையும் விட்டுக்கொண்டு தகட்டைத் தூக்கினால் துள்ளியது பைக்குள்ளேயே கிடக்கும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவைப்பது நல்லது. எங்கள் காலத்தில் இந்த வசதி இல்லாமல், சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்துவைப்போம். நாக்கு எந்தப் பக்கம் மேலாக இருந்தது, திசை மாற்றும் நெம்பின் குழி எங்கே பார்த்திருந்தது என்ற இரண்டும் தெரிந்தால் மூடுவது எளிது. சாக்கெட்டை விடுவிக்கப் பின்புறம் பித்தான் வைத்த ராட்செட்டாக இருந்தால், பல்சக்கரத்தின் நடுவிலும் ஒரு முள்ளும் ஸ்பிரிங்கும் உண்டு. அவற்றையும் தவறவிடக் கூடாது.

உறுப்புகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் இறுகிய கிரீஸ் கரைந்துவரும். பெட்ரோலைப் பட்டறைக்குள் இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதன் ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும். துருவைப் போக்கப் புளிக்கரைசலிலோ வினிகரிலோ போட்டுவைக்கும் வழக்கத்தையும் பார்க்கிறேன். கைப்பிடிக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லாமல் போகலாம். ஆனால் ஸ்பிரிங்கையும் நாக்கையும் அமிலத்தில் ஊறவைத்தால், கடின எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கிவிடும். அவற்றை நைஸான எஃகு நாரால் எண்ணெயுடன் தேய்த்தாலே போதும்.

கழுவிய பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியவை பற்களின் நுனியும் நாக்கின் விளிம்பும். நுனி மழுங்கியோ விளிம்பு பெயர்ந்தோ இருந்தால் அந்த ராட்செட்டை வேலைக்கு எடுக்கக் கூடாது. அரத்தால் கூராக்குவதும் வெல்டிங் வைத்து நிரப்புவதும் அடுத்தவர் கையை உடைக்கும் வேலைகள். இதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. பழுது ஸ்பிரிங்கிலோ குண்டிலோ மட்டும் இருந்தால் கவலைப்பட வேண்டாம். குண்டுகள் சைக்கிள் கடையிலேயே கிடைக்கின்றன: பெடலில் இருப்பது பெரும்பாலும் 5/32 இஞ்ச், முன்சக்கர அச்சில் இருப்பது 3/16 இஞ்ச், பின்சக்கரத்தில் இருப்பது கால் இஞ்ச். பழைய குண்டை வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டு போனால் சரியானதைப் பொறுக்கி எடுக்கலாம். ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை கம்பியின் கனமும் நீளமும் பழையதை ஒத்திருக்க வேண்டும். தளர்வாக இருந்தால் நாக்கு பல்லில் இறங்காது. இறுக்கமாக இருந்தால் திசை மாற்றும் நெம்பு அசையாது, பின்னோக்கித் திருப்பும்போது தளர்ந்த நட்டும் கூடவே திரும்பிவிடும்.

அதிக அக்கறையால் நேரும் ஒரு தவறைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இத்தனை சிரமப்பட்டுக் கழுவியவர்கள், வீல் பேரிங்குக்கு அடைக்கும் கிரீஸை எடுத்து ராட்செட்டின் தலை நிறைய அப்பி மூடிவிடுகிறார்கள். என் கையைக் கிழித்த ராட்செட்டுக்கு முன்பு யாரோ செய்திருந்ததும் இதுவே. இந்தக் கருவியில் எதுவும் வேகமாகச் சுழல்வதில்லை. உராய்வுச் சூடும் இல்லை. துரு வராமல் காக்கவும், நாக்கு தடையின்றி ஏறி இறங்கவும் மெல்லிய எண்ணெய்ப் படலம் போதும். தையல் மெஷின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு, பெரிய பற்கள் உள்ளவற்றுக்கு வேண்டுமானால் விரல் நுனியில் தொட்டெடுத்த இளகிய கிரீஸ், அவ்வளவே. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் ஆகாது. அவை காற்றுப்பட்டு நாளடைவில் கெட்டுவிடும். மூடிய பிறகு இரு திசையிலும் கையால் சுற்றி, ஒவ்வொரு பல்லுக்கும் சத்தம் ஒரே சீராக வருகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். பிறகு பெஞ்ச் வைஸில் ஒரு போல்ட்டைப் பிடித்து, முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் இழுத்துப் பார்த்த பின்பே வண்டிக்கு அடியில் கொண்டுபோக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கருவிகளைப் பற்றித் தனியாகக் குறிப்பிட விரும்புகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அது திரும்பத் திரும்ப நடக்கிறது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது ஈக்காட்டுதாங்கலில் நண்பர் ஒருவரின் பட்டறை மூழ்கிற்று. தண்ணீர் வடிந்ததும் அவருடைய ஆட்கள் கருவிகளை எடுத்து, ஓடுகின்றனவா என்று ஒவ்வொரு ராட்செட்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே புகுந்த வண்டல் மணல் எமரித்தாள் போலப் பற்களைத் தேய்க்கும் என்பதை எடுத்துச் சொல்லி நிறுத்தினேன். இப்படிப்பட்ட நிலையில் ராட்செட்டைச் சுற்றவே கூடாது. உடனே திறந்து, மணல் போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, முழுதாக உலர்த்தி, அதன் பிறகே மண்ணெண்ணெயில் இட வேண்டும். அன்று பதினொரு ராட்செட்டுகளைத் திறந்தோம், ஒன்பது மீண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை நீரில் நின்றதைப் பார்த்தபோது, எத்தனை கருவிப் பெட்டிகள் திறக்கப்படாமலேயே எடைக்குப் போயிருக்கும் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

பராமரித்த ராட்செட்டையும் ஒரே நாளில் கெடுத்துவிடும் வழக்கம் ஒன்று உண்டு: கைப்பிடியில் குழாயைச் செருகி இழுப்பது. கால் மீட்டர் நீளக் கைப்பிடியை 40 கிலோ பலத்துடன் இழுத்தால் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும். குழாயால் அதை ஒரு மீட்டராக்கினால் நான்கு மடங்கு. அந்தச் சுமை முழுவதையும் நாக்கைத் தொட்டிருக்கும் இரண்டு மூன்று பற்களே தாங்குகின்றன. இறுகிய நட்டை முதலில் ரிங் ஸ்பானராலோ எல் ஹேண்டிலாலோ அசைத்துவிட்டு, மீதிச் சுற்றுக்கு மட்டும் ராட்செட்டை எடுப்பதே முறை.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் பிராட்வே பக்கமும் கருவி விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சில தயாரிப்பாளர்கள் ராட்செட்டுக்கான பல்சக்கரம், நாக்கு, ஸ்பிரிங் அடங்கிய ரிப்பேர் கிட்டைத் தனியாகத் தருகிறார்கள். நான் ஏறி இறங்கிய கடைகளில் அதைக் கேட்டால் புதிய ராட்செட்டையே எடுத்து நீட்டினார்கள். கேட்பவருக்கு வரவழைத்தாவது கொடுங்கள். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்களிடம் இன்னொன்று: மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பழைய ராட்செட்டை ஒரு முறையாவது திறந்து மூடட்டும். அரை மணி நேரம் கூட ஆகாத வேலை அது. பூஜையன்று சந்தனம் இடுகிறவர்கள் கைப்பிடியில் இடுங்கள்; தலையில் இட்ட ஈரச் சந்தனம் நெம்பின் இடுக்கு வழியாக உள்ளே இறங்குகிறது, அடுத்த ஆண்டு அதைச் சுரண்டி எடுப்பவர்களில் நானும் ஒருவன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.