ஒரு யூனிட்டைக் குறையுங்கள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். மாணவர்களை வகுப்பில் பங்கேற்க வையுங்கள் என்று சுற்றறிக்கைக்கு மேல் சுற்றறிக்கை வருகிறது. ஆசிரியர்கள் ஏன் செய்வதில்லை என்று கூட்டங்களில் கேட்கிறீர்கள். பயிற்சி போதவில்லை, மனம் மாறவில்லை என்று பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பேசிக்கொள்வது வேறு. அதை எழுதத்தான் இந்த மடல்.

எங்கள் பேச்சு எங்கே தொடங்கினாலும் போர்ஷனில்தான் வந்து நிற்கும். ஒரு தாளுக்கு ஐந்து யூனிட். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்பது காலண்டர் கணக்கு. சைக்கிள் டெஸ்ட், மாடல் தேர்வு, விளையாட்டு விழா, மழை விடுமுறை எல்லாம் போக மிஞ்சுவதில் ஐந்தாவது யூனிட்டைப் பெரும்பாலும் கடைசி வாரத்தில் ஓட்டமாக ஓடித்தான் முடிக்கிறோம். "பிள்ளைகளைப் பேச விட்டால் நாலாவது யூனிட்டை யார் முடிப்பது?" என்று கேட்பவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. போர்ஷன் முடியவில்லை என்றால் முதல்வர் அறையில் போய் நிற்கப்போவது அவர்தான்.

அடுத்தது கேள்வித்தாள். பல பல்கலைக்கழகங்களில் 75 மதிப்பெண் தாளின் அமைப்பு ஒன்றேதான்: இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்தில் ஐந்து, பத்து மதிப்பெண்ணில் மூன்று. ஐந்தாண்டுத் தாள்களை அடுக்கி வைத்தால் அடுத்த தாளில் என்ன வரும் என்று கைடு போடுகிறவர் சொல்லிவிடுவார். இப்படியொரு தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு வகுப்பில் வாயைத் திறப்பதால் ஒரு லாபமும் இல்லை. முக்கியமான கேள்விகளைக் குறித்துக் கொடுக்கும் ஆசிரியர்தான் அவருக்கு நல்ல ஆசிரியர். அவர் கணக்கில் தப்பேதும் இல்லை.

இதற்கு நடுவில் 'மாணவர் பங்கேற்பு' என்ற பெயரில் உண்மையில் நடப்பது செமினார். இன்டர்னல் மார்க்குக்காக ஆளுக்கு ஒரு தலைப்பு. மாணவர் முந்தின இரவு இணையத்தில் எடுத்ததை நிமிராமல் படிக்கிறார். ஆசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறார். மற்றவர்கள் தங்கள் முறை எப்போது என்று பட்டியலைப் பார்க்கிறார்கள். ஜியோ டேக் போட்ட போட்டோ ஒன்று எடுத்தால் கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழுவுக்கான கோப்புக்கு ஆதாரமும் ரெடி. மாணவரைப் பாடம் நடத்த விடுவது என்றாலே நம் ஆசிரியர்களில் பலர் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். அவர்கள் இதுவரை பார்த்தது இதை மட்டும்தான்.

வேறு மாதிரியும் செய்யலாம். முதலாண்டு வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதியை (ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு) எழுதிப் போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: டவுன் பஸ்ஸும் ஸ்கூட்டியும் நேருக்கு நேர் மோதினால் எது எதன் மேல் அதிக விசை செலுத்தும்? விதியை அப்போதுதான் நோட்டில் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸுக்குத்தான் கை தூக்குவார்கள். விடை சொல்லாமல், பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்வேன். வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். ஒரு முறை மூன்றாவது பெஞ்சிலிருந்து கேட்டது: "அடி ரெண்டுக்கும் ஒண்ணுதான்டி. ஸ்கூட்டி லேசு, அதான் பறக்குது." விசையையும் முடுக்கத்தையும் இதைவிடச் சுருக்கமாக என்னால் பிரித்துக் காட்ட முடியாது. மறுபடி கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் மாறியிருந்தது. இன்னொன்றும் கவனியுங்கள்: ஆங்கில வழி வகுப்புதான், ஆனால் அந்த வாதம் முழுக்கத் தமிழில் நடந்தது. ஆங்கில வழியில் படித்தாலும் உள்ளூர் மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியே பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. வகுப்பில் பேசுவதற்கு மட்டும் என்ன தடை?

இந்த முறை என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களிலிருந்து பெரிய அரங்குகளில் செய்து காட்டியது. அதனால் அறுபது பேர் வகுப்பில் நடக்காது என்ற சாக்கை நான் ஏற்பதில்லை. 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்கள் ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம். வெளிநாட்டுச் சரக்கு என்று இதை ஒதுக்குபவர்கள் எழும்பூரை நினைத்துக்கொள்ளலாம். அங்கிருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789இல் ஏற்றுக்கொண்ட ஆண்ட்ரூ பெல், மூத்த பையன்களை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்ததுதான் 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குப் போனது. நம் திண்ணைப் பள்ளியிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை என்றொருவர் எப்போதும் இருந்தார்.

ஆனால் ஆசிரியர்களின் ஒரு பயத்தை நான் முழுக்க ஏற்கிறேன். 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் நடந்த ஆய்வில், விவாதித்துக் கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளைக்கு வேலை வைத்தால் அப்படித்தான் தோன்றும். செமஸ்டர் முடிவில் அவர்களிடம் ஃபீட்பேக் படிவத்தை நீட்டினால் என்ன எழுதுவார்கள்? நிரந்தர ஆசிரியர் அதைத் தாங்கிக்கொள்வார். ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்காகக் காத்திருக்கும் கௌரவ விரிவுரையாளர் ஏன் இந்த வம்பை விலைக்கு வாங்க வேண்டும்?

எல்லா ஆசிரியர்களும் இதற்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். வணிகவியல் துறை நண்பர் மாணவர்களை வீட்டிலிருந்து ஜிஎஸ்டி பில் கொண்டுவரச் சொல்வார். மளிகைக் கடைக்காரர் மகன் ஒருவன் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) அப்பா படும் பாட்டோடு சேர்த்து விளக்கியதை இன்றும் சொல்லிச் சிரிப்பார். அந்த ஒரு ஹவருக்காக அவர் ஒரு சனிக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்துப் போர்ஷனை ஈடுகட்ட வேண்டியிருந்தது.

எனவே நான் கேட்பது பயிற்சிப் பட்டறை இல்லை. அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் ஐந்து யூனிட்டை நான்காக்குங்கள். எதை நீக்குவது என்று அந்தத் தாளை நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். உடனே பதில் கிடைக்கும். பத்து மதிப்பெண் கேள்விகளில் ஒன்றையாவது எந்தக் கைடிலும் இல்லாத, யோசித்து எழுத வேண்டிய கேள்வியாக்குங்கள். புது முறையைச் செய்து பார்க்கும் ஆசிரியருக்கு முதல் இரண்டு செமஸ்டர் ஃபீட்பேக்கைப் பணி மதிப்பீட்டில் சேர்க்க வேண்டாம் என்று கல்லூரிகளுக்கு எழுதுங்கள். அப்புறம், செமினார் போட்டோ கேட்பதை நிறுத்திவிட்டு, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு வகுப்பில் வந்து உட்காருங்கள். என் வகுப்புக்கே வரலாம். சத்தமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் உதவிப் பேராசிரியர்