ஹேங்கர் கதவைத் திறக்காமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பறப்பதை நிறுத்திய பிறகும் விமானத்தை விற்காமல் ஹேங்கர் என்ற விமானக் கொட்டகைக்குள் வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடமிருந்துதான் நானும் என் நண்பர்கள் இருவரும் எங்கள் விமானத்தை வாங்கினோம். 1976-ல் செய்தது, நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். வெயிலும் மழையும் படாமல் ஹேங்கருக்குள்ளேயே இருந்ததால் பெயின்ட் பளபளவென்று இருந்தது. இருக்கைத் துணியில் ஒரு கிழிசல் கிடையாது. "ஓவர்ஹாலுக்குப் பின் 610 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று விளம்பரத்தின் முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். ஓவர்ஹால் என்றால் எஞ்சினை முழுசாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கட்டுவது. 2,000 மணி நேரம் ஓடலாம் என்று தயாரிப்பாளரே சொல்லும் எஞ்சின். 610 போக மீதி எல்லாம் நமக்குத்தான் என்று மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அந்த ஓவர்ஹால் நடந்து 19 வருஷம் ஆகியிருந்தது. கடைசி 6 வருஷத்தில் விமானம் பறந்தது மொத்தமே 11 மணி நேரம். இரண்டு விவரமும், விமானத்தின் ஓட்டத்தையும் பழுதுபார்ப்பையும் எழுதி வைக்கும் லாக்புக்கில் இருந்தன. நாங்கள் அதைப் படித்தோம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று எங்களுக்குப் புரியவில்லை.

வாங்கி 38 மணி நேரம் பறந்திருந்தபோது, இரண்டாவது முறையாக ஆயில் மாற்றினோம். மெக்கானிக் பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை நீளமாக விரித்து வெளிச்சத்தில் பிடித்தார். ஊசிமுனை அளவில் துகள்கள் மினுங்கின. காந்தத்தைக் கிட்டே கொண்டு போனதும் அத்தனையும் அதில் போய் ஒட்டிக்கொண்டன. அலுமினியமாக இருந்தால் ஒட்டாது. அவர் எதுவும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டின் மேடு ஒன்று கரைந்துபோயிருந்தது. அதை உரசி ஓடும் டேப்பெட்டின் முகத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவழித்து எஞ்சினைப் பிரித்துக் கட்டினோம். ஏழு மாதம் விமானம் தரையிலேயே நின்றது.

விற்றவர் எங்களை ஏமாற்றினார் என்று சொல்லவே மாட்டேன். அவருக்கும் தெரியாது. தெரியாமல் இருந்ததுதான் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதக் காரணம்.

அந்த வகை எஞ்சினில் கேம்ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது, புரொப்பெல்லரைச் சுற்றும் கிராங்க்ஷாஃப்டுக்கும் மேலே. எஞ்சின் ஓடும்போது தெறிக்கும் ஆயில்தான் அதை நனைக்கிறது. நிறுத்தினால் ஆயில் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும். சில வாரம் போனால் அந்த இரும்பின் மேல் படலம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. காற்றில் இருக்கும் ஈரம் அதைத் தொடும், பொடிப்பொடியாகத் துரு பிடிக்கும். அந்தத் துருவுக்கு அப்போதைக்கு ஒரு சத்தமும் இல்லை, சிலிண்டர் காற்றைக் கசியாமல் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையிலும் தெரியாது. சிலிண்டர்கள் 80-க்கு 76, 77 என்று நல்ல எண்களையே காட்டின எங்களுக்கு. புதிய உரிமையாளர் வந்து ஆசையாகப் பறக்க ஆரம்பித்த பிறகுதான் அந்தத் துருப்பிடித்த இடங்கள் உரசி, பெயர்ந்து, துகளாகி ஆயிலோடு சுற்ற ஆரம்பிக்கின்றன.

எங்கள் விமானத்தை விற்றவர் பெருமையோடு ஒன்று சொன்னார்: "பறக்கவில்லையே தவிர, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்து பத்து நிமிஷம் ஓடவிட்டுவிடுவேன்." உங்களில் எத்தனையோ பேர் இதைச் செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அக்கறையில் செய்கிறீர்கள். தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. அந்த நீராவியில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயிலில் கலக்கிறது. ஆயில் நன்றாகச் சூடானால்தான் அது ஆவியாகி வெளியே போகும். தரையில் பத்து நிமிஷம் ஓடினால் அந்தச் சூடு வராது. ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி வைத்த கதைதான். லைகாமிங் நிறுவனம் தன் எஞ்சின்களுக்குச் சொல்லும் அளவு தெளிவானது: 30 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் பறக்க வேண்டும், ஆயில் வெப்பம் 165 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டில் குறைந்தது ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். புரொப்பெல்லரைக் கையால் சுற்றி வைப்பதும் கூடாது. கேம் மேல் கொஞ்சநஞ்சம் ஒட்டியிருக்கும் ஆயிலையும் அது வழித்து எடுத்துவிடும். 2,000 மணி நேரம் என்று சொல்லும் அதே நிறுவனம்தான், அந்த மணி நேரம் ஆகாவிட்டாலும் 12-வது வருஷத்தில் ஓவர்ஹால் செய்யச் சொல்கிறது. விளம்பரங்களில் முதல் எண் இருக்கிறது, இரண்டாவது எண்ணைக் காணோம்.

அதனால் "குறைந்த மணி நேரம்" என்பதை ஒரு சிறப்பாக எழுதாதீர்கள். கடைசி 12 மாதத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது, அதற்கு முந்தைய வருஷங்களில் எவ்வளவு என்று எழுதுங்கள். வருஷத்துக்கு 80, 100 மணி நேரம் பறந்து 1,500 தொட்ட எஞ்சினை இன்று நான் தயங்காமல் வாங்குவேன். 610 மணி நேரத்தோடு தூங்கிய எஞ்சினை ஓவர்ஹால் செய்யவேண்டிய எஞ்சினின் விலைக்குத்தான் கேட்பேன்.

மணி நேரம் ஏறினால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2018-ல் அமெரிக்காவின் டேடோனா பீச்சில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிரிந்தது. உலோகக் களைப்பால், இறக்கையைத் தாங்கும் உத்தரமான ஸ்பாரில் விரிசல். அதன் பிறகு அந்தக் குடும்பத்து விமானங்கள் பலவற்றில், ஸ்பாரின் போல்ட் துளைகளை, கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காட்டும் சுழல் மின்னோட்ட முறையில் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறுவருஷம், 2019-ல், ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசா பக்கம் தாழ்வாக அளவைப் பணி செய்துகொண்டிருந்த ஒரு செஸ்னா 210-ன் இறக்கை பிரிந்தது. இருவர் இறந்தார்கள். இரு இறக்கைகளையும் இணைத்துக் கூரைக்குள் குறுக்கே ஓடும் ஸ்பாரில் அரிப்பு விழுந்த ஒரு சின்னக் குழி, அதிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. ஒரு குழிதான். பழைய விமானத்துக்கு உழைப்பும் எதிரி, ஈரமும் எதிரி. உழைப்பை லாக்புக் எழுதி வைக்கிறது. ஈரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

எஞ்சினைத் தாண்டியும் நிறைய இருக்கிறது. ரப்பர் பை வகை டாங்க் உள்ள விமானம் காலியாக நின்றால் ரப்பர் காய்ந்து வெடிக்கும், அதன் சுருக்கங்களில் தண்ணீர் தங்கும். எலி புகுந்தால் இன்னும் மோசம். அதன் சிறுநீர் அலுமினியத்தை அரித்துத் தின்னும், அதுவும் தரைப்பலகைக்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில். பிரேக் சீல், குழாய்கள், டயர், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, எல்லாம் சும்மா இருப்பதாலேயே கெடுகிற ஜாதி. சைலன்சரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கேபினுக்குச் சூடு பல விமானங்களில் சைலன்சரைச் சுற்றியுள்ள உறையிலிருந்துதான் வருகிறது. சைலன்சரில் ஒரு விரிசல் இருந்தால் அந்தச் சூட்டோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாசனை கிடையாது. விற்பதற்கு முன் அந்த உறையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் ஏறி உட்காரப் போவது யாருடைய குழந்தையோ.

அப்புறம் காகிதம்.

எங்கள் விமானத்தின் லாக்புக்கில் 1991-ல் ஒரே ஒரு வரி: "புரொப்பெல்லர் மாற்றப்பட்டது." ஏன் மாற்றினார்கள்? தேய்ந்ததாலா, எதிலாவது மோதியதாலா? மோதியிருந்தால் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தார்களா? புரொப்பெல்லர் அடிபட்டால் அந்த அதிர்ச்சி கிராங்க்ஷாஃப்ட் வரை போகும், அதன் பின்பக்கப் பல்சக்கரத்தையும் போல்ட்டையும் கட்டாயம் சோதிக்க வேண்டிய எஞ்சின்கள் உண்டு. பதில் தெரிந்த மனிதரைத் தேடி நான்கு பேரிடம் பேசினேன். கடைசியில் எஞ்சினைப் பிரித்தபோதுதான் பழுதில்லை என்று தெரிந்தது. அத்தனை மாதமும் ஒவ்வொரு முறை ஓடுபாதையில் த்ராட்டிலைத் தள்ளும்போதும் அந்த ஒரு வரி என் நினைவில் வந்தது.

அடிபட்ட விமானம் என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள் என்று பயந்து சிலர் சொல்லாமல் விடுகிறீர்கள். வாங்குகிறவனாகச் சொல்கிறேன்: எங்கே அடிபட்டது, யார் சரிசெய்தது, எந்தப் பாகம் புதிது, படம் இதோ என்று காட்டினால் நான் பேரம்கூடப் பேச மாட்டேன். மூடி வைத்தால்தான் பயம். விமானம் பறக்கத் தகுதியாக இருக்க அரசின் விமானத் துறை போடும் தகுதி உத்தரவுகளின் பட்டியலும் அப்படித்தான். செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளத்துக்கு 1987-ல் உத்தரவு வந்தது. தண்டவாளத்துத் துளை தேய்ந்து முளை பிடிக்காமல் போனால், கிளம்பி மூக்கு தூக்கும் நேரத்தில் விமானியின் இருக்கை பின்னால் வழுக்கிப் போகும். கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும், மூக்கு இன்னும் மேலே போகும். அதைத் தேதியோடு, அளவோடு, கையெழுத்தோடு ஒவ்வொரு சோதனையிலும் பதிந்திருந்தால், இந்த விமானத்தை யாரோ கண்ணாகப் பார்த்திருக்கிறார்கள் என்று வாங்குகிறவர் புரிந்துகொள்வார். வெறுமனே "உத்தரவுகள் எல்லாம் பார்க்கப்பட்டன" என்ற வரி எதையும் சொல்வதில்லை.

வாங்க வருபவர் தன் மெக்கானிக்கோடு வரட்டும். உங்கள் மெக்கானிக்கே பார்த்தால் போதாதா என்று மனம் சங்கடப்பட வேண்டாம். மூடிகளைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். ஃபில்டரை அறுக்கச் சொன்னால் அறுங்கள். போர்ஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை உள்ளே விட்டு வால்வைப் பார்க்கட்டும். ஒரு சிலிண்டரைக் கழற்றிக் கேமைப் பார்க்க வேண்டும் என்றால் அந்தச் செலவை அவர் தரட்டும், அனுமதியை நீங்கள் தாருங்கள். எங்களுக்கு அப்படிக் கேட்கத் தெரிந்திருந்தால் ஏழு மாதம் மிச்சம்.

விற்காமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மருத்துவச் சான்று போயிருக்கும். முழங்கால் இறக்கையில் ஏற விடாது. அடுத்த வருஷம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. முதன்முதலாகத் தனியாகப் பறந்தது, மகளை முதல்முறை மேகத்துக்கு மேலே கூட்டிப் போனது எல்லாம் அந்த நாலு இருக்கைக்குள் இருக்கிறது. விற்பது அதையும் சேர்த்துக் கொடுப்பதாகத் தோன்றும். எங்களுக்கு விற்றவர் சாவியைக் கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

ஆனால் இந்த விமானங்கள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகின்றன. செஸ்னா 172, 1956-ல் விற்பனைக்கு வந்தது, இதுவரை 44,000-க்கு மேல் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட நிறுவனமே 1986-ல் பிஸ்டன் எஞ்சின் சிறு விமானங்கள் செய்வதை நிறுத்திவிட்டது. வழக்குகளின் சுமை ஒரு பெரிய காரணம். தயாரிப்பாளரின் பொறுப்பை 18 வருஷத்தோடு முடிக்கும் சட்டம் அமெரிக்காவில் 1994-ல் வந்த பிறகுதான், 1996-ல் மறுபடி ஆரம்பித்தார்கள். இன்று புதிதாக வருவதை வாங்க பெரும்பாலோரால் முடியாது. சம்பளத்தில் சேர்த்து, மூன்று நாலு பேர் கூட்டாகப் பறக்க ஆசைப்படுகிறவர்களுக்கு, 60-களிலும் 70-களிலும் செய்ததுதான் கதி. ஹேங்கரில் ஒன்று மக்கினால் அந்தக் கணக்கில் ஒன்று குறைகிறது. அதற்குப் பதில் இன்னொன்று வராது.

இந்த வருஷமே விற்றுவிடுங்கள் என்று கேட்கிறேன், அது இன்னும் பறக்கிற நிலையில் இருக்கும்போதே. முழுசாகக் கொடுக்க மனம் வராவிட்டால் பாதிப் பங்கை உரிமம் உள்ள ஓர் இளைஞருக்குக் கொடுங்கள். அவர் பறக்கட்டும், நீங்கள் பக்கத்து இருக்கையில் உட்காருங்கள். அதுவும் முடியாது, சில காலம் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் முறையாக நிறுத்துங்கள். துருவைத் தடுக்கும் பாதுகாப்பு ஆயில் ஊற்றி, அதோடு ஒருமுறை பறந்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஈரம் உறிஞ்சும் அடைப்பான் போட்டு, எக்ஸாஸ்டையும் எஞ்சினின் மூச்சுக்குழாயையும் மூடி, தேதி எழுதி ஒட்டி வையுங்கள். அடைப்பானின் நிறம் மாறினால் மாற்றுங்கள்.

எங்கள் மூவரில் மூத்தவருக்கு 61 வயது. போன மாதம் ஒரு தாளில் எழுதி லாக்புக்கின் உள்அட்டையில் செருகினோம்: தொடர்ந்து மூன்று மாதம் மூவரில் யாரும் பறக்காவிட்டால் விமானத்தை விற்பனைக்குப் போட வேண்டும். மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உங்கள் லாக்புக்கைத் திறந்து கடைசியாகப் பறந்த தேதியைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவரிடம் விமானம் வாங்கியவன்