கன்றுகள் மூன்று கோடையைத் தாண்ட வேண்டும்: ஆற்றங்கரைக் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மரம் நட நாங்கள் பணம் கேட்கவில்லை. நடுவதற்கு ஆள் வந்துவிடுகிறார்கள், கன்றும் கிடைத்துவிடுகிறது, போட்டோவும் எடுத்தாகிவிடுகிறது. அப்புறம் வரும் கோடையில்தான் சிக்கல். போன தடவை கரையில் நட்ட கன்றுகளில் பாதிக்கு மேல் முதல் வெயிலிலேயே கருகிப்போயின. தப்பியவற்றை ஆடு கடித்தது, மிச்சத்தை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. தப்பு எங்களுடையதுதான். நட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

கரையில் மரம் எதற்கு என்று கேட்பவர்களை நாங்கள் ஆற்று வளைவுக்குத்தான் கூட்டிப்போவோம். அங்கே பழைய மரங்களின் கீழே ஒரு மடு இருக்கிறது. கொஞ்சம் கீழே போனால் வெட்டவெளி, கணுக்காலளவு தண்ணீர். மதியம் இரண்டு மணிக்கு இரண்டிலும் கால் வைத்துப் பாருங்கள். மடுவில் சில்லென்று இருக்கும், வெளியில் சுடும். மீன்குஞ்சுகள் எந்தப் பக்கம் ஒதுங்கி நிற்கின்றன என்று சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் வெந்நீரில் மீனுக்கு மூச்சு வாங்குவது அதிகம். தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது.

இது எங்கள் ஒரு வளைவின் கதை மட்டுமல்ல. 2023 செப்டம்பரில், வறண்டு கிடந்த அமேசான் படுகையின் டெஃபே ஏரியில் நீரின் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து ஒதுங்கின. அதே ஆண்டு மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில், மெனின்டி அருகே, வெள்ளம் வடிந்த கையோடு வெயிலும் சேர்ந்துகொள்ள, ஆக்சிஜன் இல்லாமல் லட்சக்கணக்கான மீன்கள் மிதந்தன. ஜெர்மனியின் ரைன் ஆற்றில் 2018 இலையுதிர் காலத்தில் கௌப் என்ற ஊரின் நீரளவுக் கோலில் அளவு 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. சரக்குப் படகுகள் சுமையைக் குறைத்துக்கொண்டுதான் போக முடிந்தது.

மழையின் போக்கும் மாறிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது, நின்றால் நீளமாக நின்றுவிடுகிறது. வலை வீசுகிறவருக்கு மீன் இல்லை, கரையோரம் பயிர் வைத்தவருக்கு ஒரு பருவம் தண்ணீர் இல்லை, அடுத்த பருவம் நிலமே இல்லை.

சரி, நாலு மரம் வைத்தால் இதெல்லாம் நின்றுவிடுமா? நிற்காது. நிழல் அந்த இடத்து நீரை ஓரளவு குளிர்ச்சியாக வைக்கும், வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேல் நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

நீங்கள் தரும் பணத்தில் பெரும்பங்கு கூலிக்குப் போகும்: மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற, வேலி பார்க்க, பட்டுப்போன இடத்தில் மறுகன்று வைக்க. கொஞ்சம் வேலிக்கு. மீதியில் மடுவிலும் வெட்டவெளியிலும் வெப்பமானிகள், படித்துறையில் ஒரு நீரளவுக் கோல். கல்வெட்டு ஒன்று வைக்கலாம் என்று குழுவிலேயே சிலர் ஆசைப்பட்டார்கள். அந்தச் செலவில் இன்னும் சில கன்றுகள் பிழைக்கும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு கன்றை மூன்று கோடை காக்க ஆகும் செலவை ஒரு பங்கு என்று வைத்திருக்கிறோம். முழுப் பங்கும் தரலாம், கால் பங்கும் தரலாம், நாலு பேர் சேர்ந்தும் தரலாம். மொத்தமாகத் தருவதைவிட மாதாமாதம் கொஞ்சம் தந்தால் எங்களுக்கு வசதி, ஏனென்றால் கூலி மாதாமாதம்தான் போகிறது. பணம் தர முடியாதவர்கள் வாரத்தில் ஒரு காலை தண்ணீர் ஊற்ற முறை எடுத்துக்கொள்ளலாம். குழுவில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான்.

வரவு செலவு மாதக் கடைசியில் படித்துறைப் பலகையில் எழுதப்படும். எத்தனை கன்று பிழைத்தது, எத்தனை போனது என்பதும் அதிலேயே இருக்கும். பணம் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆற்றங்கரைக் குழுவினர்