மனம் ஓடினாலும் பூஜையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூஜையில் உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடுகிறது, இப்படிக் கும்பிட்டு என்ன பயன் என்று வாசகர் ஒருவர் உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் கேட்டிருந்தார். முதலில் மனத்தை அடக்கப் பழகுங்கள், பூஜை அப்புறம் என்று பதில் வந்திருந்தது. அந்த வாசகர் அதைப் படித்துவிட்டு விளக்கேற்றுவதையே விட்டுவிடுவாரோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

நான் செவிலியர். இரவுப் பணி முடிந்து வந்து, குளித்து, விளக்கில் கருகிய திரியை எடுத்துவிட்டுப் புதுத் திரி போடும்போது பாதி நினைப்பு வார்டில்தான் இருக்கும். விடிகாலையில் காய்ச்சல் ஏறிய பெரியவரைப் பற்றி அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டு வந்தேனா? வாய் பாட்டுக்கு ‘கூற்றாயினவாறு’ பதிகத்தைப் பாடிக்கொண்டிருக்கும். இரண்டாம் பாட்டில் தொலைந்துபோய் ஐந்தாம் பாட்டில் திரும்பி வருவேன்.

அந்தப் பதிகமே எப்படிப் பிறந்தது? சூலை நோய் குடலை முறுக்க, தாங்க முடியாமல் திருவதிகையில் அப்பர் பாடியது. வலியில் துடிப்பவர்களை தினமும் பார்ப்பவள் நான். அந்த நேரத்தில் ஒருவருக்கு மனம் எப்படி அடங்கும்? அடங்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வலியையே சொல்லிப் பாடினார்.

பெரியபுராணத்தில் கண்ணப்பரையும் பூசலாரையும் எல்லோருக்கும் தெரியும். சாக்கிய நாயனாரை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. புத்தத் துறவிக் கோலத்தைக் களையாமலே சிவனிடம் அன்பு வைத்தவர். வெட்டவெளியில் ஒரு லிங்கத்தைக் கண்ட பரவசத்தில், பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்து எறிந்தார். அதுவே அவருடைய அன்றாட வழிபாடாகிவிட்டது. கல்லெறியாமல் சாப்பிட மாட்டார். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நினைவு வந்ததும் பசியோடு எழுந்து ஓடிப்போய் எறிந்தார். அன்றைக்குத்தான் அவருக்கு இறைவன் காட்சி கொடுத்தான். மறந்ததை அவன் கணக்கில் வைக்கவில்லை. எழுந்து ஓடியதைத்தான் பார்த்தான். எனக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை.

அதற்காக வாய் மட்டும் முணுமுணுத்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப் புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, யாரிடமும் ஓர் இன்சொல் என்று நான்கையும் ஒரே பாட்டில் வைத்தார் திருமூலர். காலையில் நான் பாடியது உள்ளே இறங்கியதா என்று எனக்குத் தெரிவது இந்த நான்காவதில்தான். ஒரே நோயாளி திரும்பத் திரும்ப மணியடித்து, தலையணையைச் சரிசெய்யச் சொல்வார். அப்போது என் குரல் எப்படி இருக்கிறது என்று கவனிப்பேன். பாடாமல் போன நாட்களில் அந்தக் குரலில் ஒரு கடுப்பு ஏறிவிடுகிறது. கூட வேலை பார்ப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

எனவே அந்த வாசகர் மனம் ஓடினாலும் நாளைக்கும் விளக்கேற்றட்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ராசிபலனும் பரிகாரத் தலங்களும் நிறைந்த அந்தப் பக்கத்தில், அலுப்போடும் கவலையோடும் அன்றாடம் கும்பிடுகிறவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதக் கொஞ்சம் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி